பைபிளிலிருந்து கிழித்த பக்கம்

"எங்கள் ஜான் தாத்தா அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டை போட்டவர்" என்று, எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே என் மாமியார் சொல்வார். மாமியார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். கையில் ஆதாரம் ஒன்றும் கிடையாது. போன குளிர்காலத்தில் நானே தேட உட்கார்ந்தேன்.

1850 வரை பின்னால் போவது சுலபம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்துதான் வீட்டிலிருப்பவர்கள் பெயரையெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் தலைக்கணக்கு.

ஊர்ப் பதிவேட்டில் இரண்டு ஜான்கள் இருந்தார்கள், சீனியர், ஜூனியர் என்று. இணையத்தில் யார் யாரோ போட்டு வைத்திருந்த வம்சாவளிகள் எல்லாம் அவர்களை அப்பா, மகன் என்றன. நானும் நம்பினேன். இரண்டு வாரம் வீண்! அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவரை ஜூனியர் என்பார்களாம். உறவு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சீனியரின் உயிலைத் தேடி எடுத்தால், "என் சகோதரன் மகன் ஜானுக்கு" என்று இருக்கிறது. பெரியப்பாவா சித்தப்பாவா என்று ஆங்கிலத்தில் எங்கே சொல்கிறார்கள்!

சரி, அந்தச் சகோதரனைப் பிடித்தேன். அவருக்குக் கல்யாணம் 1750 ஏப்ரலில். ஜான் பிறந்தது 1750 பிப்ரவரியில். மாமியார் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 1752-க்கு முன்பு இங்கே ஆண்டு பிறந்ததே மார்ச் 25 அன்றுதான். ஆக, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரியும் 1750 கணக்கில்தான் சேரும். மானம் தப்பியது.

போருக்குப் போனாரா என்பதற்குப் பதில் ஓய்வூதியக் கோப்பில் கிடைத்தது. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் அவற்றைப் படமெடுத்து இலவசமாகவே போட்டிருக்கிறது. 1830-களில் வந்த சட்டப்படி ஜானின் விதவை மனு போட்டிருக்கிறார். கல்யாணத்தை நிரூபிக்கக் காகிதம் ஏது? குடும்ப பைபிளில் கல்யாணத் தேதியும் பிள்ளைகள் பிறந்த நாட்களும் எழுதியிருந்த பக்கத்தையே கிழித்து மனுவோடு வைத்துவிட்டார். ஓரத்தில் தையல் ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன.

"திருப்பிக் கொடுத்தார்களா?" என்று கேட்டார் மாமியார். இல்லை, இன்னும் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது.