மூண்டதா, மூட்டியதா?

2022 பிப்ரவரி 24 அன்று எனக்கு மாலை ஷிஃப்ட். காலையில் டிவியைப் போட்டபோது ரஷ்ய அதிபர் புதின் பேசி முடித்திருந்தார். கொஞ்ச நேரத்திலேயே உக்ரைனின் கீவ், கார்கிவ் நகரங்களில் குண்டு விழுவதாகச் செய்தி ஓட ஆரம்பித்தது. மதியமே அலுவலகம் போய்விட்டேன். ஒரு தமிழ் நாளிதழில் உலகச் செய்திப் பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியராக இருந்தேன். ஏஜென்சி செய்திகளை மொழிபெயர்த்து, சுருக்கி, தலைப்புப் போட்டு, பக்கம் கட்டக் கொடுப்பது வேலை. அன்று முதல் பக்கமும் எங்கள் டெஸ்க்குக்கு வந்தது.

'உக்ரைன் மீது படையெடுத்தது ரஷ்யா' என்று தலைப்பு எழுதினேன். செய்தி ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'உக்ரைனில் போர் மூண்டது' என்று எழுதினார். "சின்னதா இருந்தா எழுத்தைப் பெருசாப் போடலாம் தம்பி. கடையில தொங்கும்போதே கண்ணுல படணும்." இடத்தை மட்டும் நினைத்துச் சொன்னார். உள்நோக்கம் எதுவும் கிடையாது. நானும் சரி என்றேன். பக்கம் போய்விட்டது.

மறுநாள் காலையில் அந்தத் தலைப்பைப் பேப்பரில் பார்த்ததும் உறுத்தியது. மூண்டது என்றால் தானாக மூண்டதா? யாரும் மூட்டவில்லையா? எல்லையில் ஒன்றரை லட்சம் வீரர்களுக்கு மேல் மாதக்கணக்கில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு நாடு. மூன்று பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தது அதே நாடு. நாங்கள் போட்ட தலைப்பில் அந்த நாட்டின் பெயரே இல்லை.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தது அப்புறம்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இடிந்தது, இடித்தது. எரிந்தது, எரித்தது. அழிந்தது, அழித்தது. 'த்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'ந்' வந்தால் போதும், செய்தவன் வாக்கியத்தை விட்டே போய்விடுவான். அந்த மார்ச் மாதம் முழுக்க என் கையில் ஓடியவை இந்த வினைச்சொற்கள்தான்.

ரஷ்யாவில் இதே வேலையைச் செய்தவர்களின் நிலைமையும் அந்த நாட்களில்தான் தெரியவந்தது. 'போர்', 'படையெடுப்பு' என்று எழுதக் கூடாது, 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அங்கே ஊடகங்களுக்கு உத்தரவு. மார்ச் முதல் வாரத்தில் சட்டமும் வந்தது. ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. சென்னையில் உட்கார்ந்திருந்த எனக்கு எந்தத் தடையும் இல்லை. கைது பயம் இல்லை. இருந்தும் 'மூண்டது' என்று போட்டோம், இடம் மிச்சமாகும் என்பதற்காக. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16-ஆம் தேதி மரியுபோல் நகரின் நாடக அரங்கத்தில் குண்டு விழுந்தது. ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் அதற்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கட்டடத்தின் முன்னும் பின்னும் தரையில் 'குழந்தைகள்' என்று ரஷ்ய மொழியில், விமானத்திலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். செயற்கைக்கோள் படத்திலேயே அந்த எழுத்து தெரிந்தது. அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு தலைப்புக்குச் சொல் தேடினேன். குண்டு போடவில்லை என்று ரஷ்யா மறுத்தது. மறுப்பையும் செய்தியில் சேர்த்தேன். ஆனால் தலைப்பில் 'இடிந்தது' என்று எழுத மனம் வரவில்லை. 'குழந்தைகள் என்று எழுதியிருந்த அரங்கின் மீது குண்டுவீச்சு' என்று எழுதினேன். வழக்கத்தைவிட நீளம்தான். செய்தி ஆசிரியர் படித்தார், எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

வாசகர்கள் போன் செய்வார்கள். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர். அவர்கள் திரும்பியபின் வேறு மாதிரி அழைப்புகள். ஒரு பெரியவர் அடிக்கடி பேசுவார். "ரஷ்யாவை இப்படி எழுதலாமா தம்பி? நமக்கு எவ்வளவு செஞ்ச நாடு" என்பார். அவர் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. மாஸ்கோவில் அச்சாகி வந்த வழவழப்பான தமிழ்ப் புத்தகங்கள் எங்கள் வீட்டு அலமாரியிலும் இருந்தன. நாலணா எட்டணாவுக்கு அவ்வளவு நல்ல தாளில் வேறு யார் நமக்குப் புத்தகம் கொடுத்தார்கள்? ஆனால் அவற்றை அனுப்பியது சோவியத் யூனியன். அதற்குள் உக்ரைனும் இருந்தது. நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'ரஷ்யா' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1986-இல் உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்ததைக்கூட 'ரஷ்யாவில் வெடித்தது' என்பவர்கள் இன்றும் உண்டு. நம் வாயில் பழக்கத்தால் வந்த அந்தத் தவறையே, ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புதின் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதியிருந்தார்.

பெரியவரிடம் ஒருநாள் மொழியைப் பற்றிப் பேசினேன். 1863-இல், ரஷ்யாவையும் உக்ரைனையும் ஆண்ட ஜார் மன்னர் அரசின் உள்துறை அமைச்சர், உக்ரைனிய மொழி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை, இருக்கவும் முடியாது என்கிற கருத்தோடு ஒரு சுற்றறிக்கை விட்டார். 1876-இல் அந்த மொழியில் புத்தகம் அச்சிடுவதற்கே தடை வந்தது. "மொழிக்கா தடை போட்டான்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. 1991 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து 90 சதவீதத்துக்கு மேல் தனிநாட்டுக்கு வாக்களித்ததையும், 2014-இல் ரஷ்யா பிடித்துக்கொண்ட கிரிமியாவில்கூட அன்று பாதிக்கு மேல் ஆதரவு இருந்ததையும் சொன்னேன். 1994-இல் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட உக்ரைன் சம்மதித்தபோது, அதன் எல்லையை மதிப்பதாகக் கையெழுத்துப் போட்ட நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று என்றேன். கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி தம்பி, நேட்டோ ஏன் பக்கத்துல வருது?" என்றார். நேட்டோ என்கிற மேற்கத்திய ராணுவக் கூட்டணியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் யாரோடு பழகுகிறான் என்று பார்த்து அவன் கதவை உடைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் எண்ணம். அதையும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதமும் கூப்பிட்டார்.

எதிர்த்து நிற்பவர்கள் மேல் இருக்கிற பிரியமும் ஒரு சப் எடிட்டரைத் தவறு செய்ய வைக்கும். கருங்கடலில் இருக்கும் பாம்புத் தீவில் காவலுக்கு இருந்த 13 உக்ரைன் வீரர்கள், சரணடையச் சொன்ன ரஷ்யப் போர்க்கப்பலைத் திட்டிவிட்டு அத்தனை பேரும் உயிரைவிட்டார்கள் என்று செய்தி வந்தது. உக்ரைன் அதிபரே சொன்னதால் 'வீரமரணம்' என்று பெட்டிச் செய்தியாகப் போட்டேன். எழுதும்போது கண் கலங்கியது உண்மை. நாலைந்து நாளில் அவர்கள் உயிரோடு ரஷ்யாவிடம் சிறைப்பட்டிருப்பதாக உக்ரைன் கடற்படையே அறிவித்தது. முந்தைய செய்தி தவறு என்ற குறிப்போடு அதையும் பெட்டி கட்டிப் போட்டேன். 'என்று உக்ரைன் கூறியுள்ளது' என்கிற மூன்று சொற்களை அதன்பிறகு நான் எங்கும் வெட்டியதில்லை.

கெர்சன் நகரத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச் தொடக்கத்தில் ரஷ்யா பிடித்த ஊர். பிடித்த சில நாட்களிலேயே மக்கள் நீலமும் மஞ்சளுமான கொடியோடு தெருவுக்கு வந்து, துப்பாக்கி வைத்திருந்த வீரர்களைப் பார்த்து வீட்டுக்குப் போ என்று கத்தினார்கள். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கையில் கல்கூட இல்லாத சாதாரண ஜனங்கள். பின்னால் கூட்டத்தைக் கலைத்தார்கள், ஆட்களைப் பிடித்துப்போனார்கள். 'ரஷ்யா என்றென்றும் இங்கே இருக்கும்' என்று பலகை வைத்தார்கள். செப்டம்பர் கடைசியில் அந்தப் பகுதியை ரஷ்யாவோடு சேர்த்துவிட்டதாக மாஸ்கோவில் விழா நடந்தது. நவம்பர் 11-ஆம் தேதி உக்ரைன் படை உள்ளே வந்தது. எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்த கொடிகளை எடுத்துக்கொண்டு ஜனங்கள் சதுக்கத்துக்கு ஓடி வந்தார்கள்.

அன்று இரவு 'கெர்சனை மீட்டது உக்ரைன்' என்று தலைப்பு எழுதி வைத்தேன். இத்தனை மாதம் பிறவினைக்காகச் சண்டை போட்டவன் வேறு எதை எழுதுவேன்? செய்தி ஆசிரியர் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். ஒரு பாட்டி, படைவீரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம்.

"மீண்டதுன்னு போடலாமா தம்பி? பட்டாளம் வந்து மீட்டது வாஸ்தவம்தான். ஆனா மார்ச் மாசமே கொடியோட தெருவுக்கு வந்தது இந்த ஊர்க்காரங்கதானே."

'மீண்டது கெர்சன்' என்று மாற்றினேன். இந்த முறை எனக்கு உறுத்தவில்லை. எழுத்து பெரிதாக, நான்கு பத்தி அகலத்துக்கு வந்தது.