பிஎஸ்எம் 1 தேர்வு: காலைக் கூட்டமே பாதிப் படிப்பு

கோலாலம்பூரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்கான பிஎஸ்எம் 1 தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த வகுப்புக்குப் போகலாம்?" என்றுதான். வகுப்பு கட்டாயமில்லை. ஸ்க்ரம் என்பது குழுவாக, வேலையைக் குறுகிய கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் முறை. அதன் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 15 பக்கம்கூட இல்லை. 2020 நவம்பர் பதிப்பையே படியுங்கள்.

தேர்வில் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம். ஒரு கேள்விக்கு 45 விநாடிதான் என்பதால் விஷயம் முன்பே மனத்தில் ஊறியிருக்க வேண்டும்.

அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் டெய்லி ஸ்க்ரம், அதாவது குழுவின் தினசரிக் கூட்டம். பல அலுவலகங்களில் மேனேஜர் முன்னால் நிற்பார். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், என்ன தடங்கல் என்று வரிசையாக ஒப்பிப்போம். அந்தப் பழக்கத்தை நம்பிப் பதில் சொன்னால் மதிப்பெண் போய்விடும். கைடின்படி அது டெவலப்பர்களின், அதாவது வேலையைச் செய்பவர்களின் கூட்டம். ஸ்பிரிண்ட் என்ற வேலைக் கட்டத்துக்கு வைத்த இலக்கான ஸ்பிரிண்ட் கோலை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று பார்த்துத் திட்டத்தைத் திருத்திக்கொள்வதற்கு 15 நிமிடம். ஸ்பிரிண்ட் ஒரு வாரமானாலும் ஒரு மாதமானாலும் அதே 15தான். கூட்டம் நடக்கிறதா, நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்ப்பது, குழு இந்த முறைப்படி நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு. அவரே நடத்த வேண்டியதில்லை. அந்த மூன்று கேள்விகளும் 2020 பதிப்பில் இல்லை. பழைய பயிற்சித் தாள்களில் இன்னும் இருக்கும், கவனம்.

பங்சார் சவுத் அலுவலகத்தில் எங்கள் கூட்டம் காலை 9.30க்கு. பசியாறும்போது கைடில் ஒரு பத்தி படிப்பேன், அப்புறம் கூட்டத்தில் அதைத் தேடுவேன். ஒரு நாள் டெஸ்டிங் பார்க்கும் அக்கா, "பணம் கட்டும் பக்கம் நின்றுபோச்சு, இது ஓடாமல் கோல் முடியாது" என்றார். பினாங்கிலிருந்து ஸூமில் இருந்த அண்ணன், "அப்போ ரிப்போர்ட் வேலை நாளைக்கு. கூட்டம் முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் பார்ப்போம்" என்றார். வேலைகளைக் காட்டும் பலகையில் அட்டை இடம் மாறியது. யாரும் மேனேஜர் முகத்தைப் பார்க்கவில்லை. கைடு சொல்வது இதைத்தான் என்று அன்றைக்கே பிடிபட்டது. தேர்வில் டெய்லி ஸ்க்ரம் என்று பார்த்ததும் அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது.

பயிற்சிக்கு ஸ்க்ரம் ஓபன் என்ற இணைய மாதிரித் தேர்வு இருக்கிறது, 30 கேள்விகள், இலவசம். தொடர்ந்து முழு மதிப்பெண் வரும்வரை செய்யுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டியதும் வரும் பாஸ்வேர்டு ஒரு முறைக்குத்தான் செல்லும், ஆனால் காலாவதி ஆகாது. அதனால் ஸ்பிரிண்ட் முடிகிற வாரத்தில் அவசரப்பட்டு எழுத வேண்டாம்.