ருத்தேனியம் புரோப்: வைவாவுக்குப் போகும் முன்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் எனக்குக் கிடைத்தது, செல்லுக்குள் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும் ருத்தேனியம் அணைவுச் சேர்மம்; இதைத்தான் புரோப் என்கிறோம். பைபிரிடின் ஈனிகள் (உலோகத்தோடு பிணைந்து நிற்கும் மூலக்கூறுகள்) சூழ்ந்த ருத்தேனியம் 450 நானோமீட்டர் நீல ஒளியை உறிஞ்சி, 620 பக்கம் சிவப்பாக ஒளிரும். ஈனியில் நைட்ரோ குழுவுள்ள ஈதர் ஒன்றை ஒட்டினால் ஒளி அணைந்துவிடும். அமிலம் அந்த ஈதரை வெட்டியதும் திரும்ப வரும். படிக்கும்போது இதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றியது.

முதல் மாதம் முழுக்க வீண். அமிலத்துக்காக ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெரிந்த அளவுகளில் சேர்த்து, ஒளி எவ்வளவு கூடுகிறது என்று வரையும் கேலிப்ரேஷன் கோட்டின் சாய்வு வாரத்துக்கு ஒன்றாக வந்தது. புரோப்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு முறை புதிதாகத் தயாரித்தேன். கடைசியில் சீனியர் அக்கா வந்து, "ஹைப்போகுளோரைட் பாட்டில எப்படா திறந்த?" என்று கேட்டார். எனக்கு ஞாபகமே இல்லை. லேபிளில் இருந்த சதவீதத்தை அப்படியே கணக்கில் போட்டிருந்தேன்; திறந்து வைத்தால் அது நாளுக்கு நாள் குறையும். அக்கா கொஞ்சம் எடுத்து நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கலந்து, 292 நானோமீட்டரில் உறிஞ்சலை அளந்தார். வந்த எண்ணை 350-ஆல் வகுத்தால் அந்தக் கலவையின் மோலார் செறிவு: 0.70 வந்தால் 2 மில்லிமோலார். இரண்டு நிமிட வேலை. தினமும் காலையில் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான். புரோப்பைக் கரைக்க எல்லோரும் அதைத்தான் எடுப்போம், ஆனால் அதுவே ஹைப்போகுளோரஸோடு வினைபுரியும். மிகக் குறைவாக, எல்லாக் குழாயிலும் ஒரே அளவாகப் போடுங்கள். செல் வளர்க்கும் மீடியத்தில் உள்ள அமினோ அமிலங்களும் அதை விழுங்கிவிடும். கழுவிவிட்டு பாஸ்பேட் பஃபரில் பாருங்கள்.

வைவாவில் புரோப் தயாரிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "7.4 பிஹெச்சில் உங்கள் அமிலம் எந்த வடிவில் இருக்கும்?" என்றார் தேர்வாளர். பிகேஏ (அமிலமும் அயனியும் சரிபாதியாக இருக்கும் பிஹெச்) 7.5 அருகே என்பதால் ஏறக்குறைய பாதி அமிலம், பாதி அயனி என்று சொல்லித் தப்பித்தேன். அடுத்து, நான் படம் எடுத்த நோய் எதிர்ப்புச் செல்களைக் காட்டி, "மேக்ரோஃபேஜில் ஒளி கூடியதே, அங்கே ஆக்சிஜன் குறைந்ததால் இருக்கக் கூடாதா?" என்றார். நியாயமான சந்தேகம். ருத்தேனியத்தின் ஒளியை ஆக்சிஜன் அணைக்கும். கரைசலில் ஆர்கான் விட்டாலே பளிச்சென்று கூடும். நல்லவேளை, ஈதர் ஒட்டாத சாதா பைபிரிடின் சேர்மத்தையும் அதே செல்களில் போட்டுப் படம் எடுத்திருந்தேன், அதில் மாற்றமில்லை. செல்லுக்குள் இந்த அமிலத்தை உருவாக்கும் நொதியான மைலோபெராக்சிடேஸுக்குத் தடுப்பான் சேர்த்த படம் எங்கே என்று கேட்டபோதுதான் விழித்தேன். அதை எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.