பருந்துக்கு இரண்டு சொட்டு

உணவுச் சங்கிலி பாடத்தில் பிள்ளைகளோடு முதல் சண்டை அம்புக்குறியில்தான் வரும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று வரிசையாக எழுதி, தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி அம்பு போட்டால் பாதி வகுப்பு ஒத்துக்கொள்ளாது. "மிஸ், பாம்புதானே தவளையைத் துரத்துது? தவளை எதுக்கு பாம்புகிட்டப் போவுது?" நியாயமான கேள்வி. அம்பு துரத்தலைக் காட்டவில்லை, ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டுகிறது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, "தவளை பாம்பு வயித்துக்குள்ள போவுது, அவ்வளவுதான்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

எவ்வளவு ஆற்றல் போகிறது என்பதற்குத்தான் தண்ணீர் விளையாட்டு. பருந்து வேடத்துக்கு அடிதடி. ஜெயித்தவன் கைகளை விரித்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய பாட்டிலோடு வந்து நின்றான். புல்லாக நிற்கச் சொன்ன சிறுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வெயிலில் நிற்பதைத் தவிர அதற்கு வேலையே இல்லையாம்.

புல்லுக்கு 1000 மில்லி ஊற்றினேன். அதில் வெட்டுக்கிளிக்கு 100 தான். மீதி 900-ஐ 'வெப்பம்' என்று சீட்டு ஒட்டிய வாளியில் கொட்டச் சொன்னேன். தவளைக்கு 10, பாம்புக்கு 1. அதற்குமேல் அளவுக் குவளை உதவாது என்று ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்தேன். பருந்தின் பாட்டிலில் 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு, விழுந்தது. அவன் பாட்டிலைச் சாய்த்து, ஆட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

"மிஸ், இதை வச்சு எப்படிப் பறக்கிறது?"

ஒரு படியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்ற இந்தப் பத்து சதவீதக் கணக்கு, 1942-இல் வெளியான அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமேனின் ஆய்விலிருந்து கிளம்பியது. ஒரு சின்னஞ்சிறு ஏரியைக் குடைந்து ஆராய்ந்த மனிதர் அவர். கட்டுரை அச்சில் வருவதற்குள் 26 வயதிலேயே இறந்துபோனார். பத்து என்பது தோராயம்தான், இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் இரண்டு சொட்டோடு நிற்கும் பருந்திடம் இதையெல்லாம் சொன்னால் எடுபடுமா? படிக்குப் படி ஆற்றல் இப்படிக் குறைவதால்தான் புல் ஏராளமாகவும் பருந்து கொஞ்சமாகவும் இருக்கிறது, பருந்துக்கு மேலே இன்னொரு படி வைத்தால் அதன் பங்குக்கு வெறும் ஈரம்தான் மிஞ்சும் என்றேன். அவன் சமாதானமாகவில்லை.

நான் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் வெப்ப வாளியைத் தூக்கிப் புல்லின் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டான். "சும்மாதானே கிடக்குது மிஸ். திரும்ப ஊத்திட்டா மறுபடி சுத்தி வரும்ல?" இயற்பியல் விதிகளை இவ்வளவு நல்ல மனசோடு யாரும் மீறியிருக்க மாட்டார்கள். கார்பனும் நைட்ரஜனும் அப்படிச் சுற்றி வரும், ஆற்றல் வராது. "ஓடி முடிச்சதும் உன் உடம்பு சூடாகுதே, அந்தச் சூட்டைப் பிடிச்சு இன்னொரு ரவுண்டு ஓட முடியுமா?" என்று கேட்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தான். முடியாது என்று ஒத்துக்கொண்டு, கவிழ்த்த தண்ணீரை வாளியிலேயே திரும்பக் கொட்டினான். அதனால்தான் சூரியன் தினமும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, முடிந்தது என்று நினைத்தால், அதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த காளான் எழுந்தது. வேடம் போதாமல் கடைசியில் கிடைத்த வேடம் அது. "மிஸ், செத்தது, தின்னாம விட்டது, கழிவு எல்லாம் எனக்குன்னு சொன்னீங்க." கழிவு என்ற சொல் காதில் விழுந்ததும் வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. காளான் அசரவில்லை. "அப்போ அந்த 900-மே வெப்பம் இல்லையே. வெட்டுக்கிளி தின்னாத புல்லும் அதுலதானே இருக்கு? என் பங்கு எங்கே?"

சரியான கணக்கு. அந்தப் பங்கும் காளான் மூச்சு விட்டு முடித்தபின் வெப்பமாகத்தான் போகும் என்றாலும், முதலில் அது அவள் சொத்து. மறுபேச்சில்லாமல் வாளியிலிருந்து அள்ளி ஊற்றினேன். குவளை நிரம்பி வழிந்தது.

பருந்து தன் பாட்டிலைப் பார்த்தான், குவளையைப் பார்த்தான். அடுத்த சுற்றுக்குக் காளானாக வருகிறேன் என்று கை தூக்கினான். பின்னாலேயே பாம்பு, தவளை. நிமிடத்தில் வகுப்பு முழுக்கக் காளான். இனி இவர்களுக்காகச் செத்துக்கொடுக்க நான் ஒருத்திதான் பாக்கி.