கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது

"530 லாகின் இன்கரெக்ட்." கோப்பு அனுப்ப அச்சகத்துக்கு நான் திறந்து கொடுத்த எஃப்டிபி கணக்கில் நுழையப் பார்த்தால், உள்நுழைவு தவறு என்று சர்வர் சொன்ன பதில் இது.

"தம்பி, நான்தான் தப்பா அடிக்கிறேனோ?" என்று போனில் மூன்றாவது முறையாகக் கேட்டார் அச்சகத்து அண்ணன்.

அவர் தப்பாக அடிக்கவில்லை. கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி நானே அடித்துப் பார்த்தேன். அதே 530.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. கோப்பு அனுப்ப மட்டும் திறந்த கணக்கு என்பதால் அதன் ஷெல்லை, அதாவது உள்ளே வந்தவர் கட்டளை அடிக்கும் நிரலை, யாரையும் கட்டளை அடிக்க விடாத 'நோலாகின்' என்று வைத்திருந்தேன். எஃப்டிபி சர்வருக்கான பேம் கோப்பிலோ (யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் விதிகள் இருக்குமிடம்) 'பேம்_ஷெல்ஸ்' என்று ஒரு வரி. அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியலான /ஈடிசி/ஷெல்ஸ் கோப்பில் இல்லாத ஷெல் என்றால், கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் அது உள்ளே விடாது.

ஷெல்லை வழக்கமான 'பாஷ்' என்று மாற்றினால் உடனே வேலை செய்யும். ஆனால் தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் எஸ்எஸ்எச் வாசலும் சேர்ந்து திறந்துகொள்ளும். மனசு வரவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் முடக்கினேன். நுழைந்துவிட்டது.

பெயர் தப்போ, கடவுச்சொல் தப்போ, ஷெல் பட்டியலில் இல்லையோ, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். உள்ளே நுழையப் பார்க்கும் திருடனுக்குத் துப்புக் கிடைக்கக் கூடாது. நியாயம்தான்.

ஆனால் அதே பதிலைப் படிக்கும் நல்ல மனிதர் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தானே.

அண்ணனுக்குப் போன் செய்து முதலில் சொன்னது, "உங்க மேல தப்பே இல்லண்ணே."