கறுப்புப் பாறையில் கறுப்பு உடம்பு: டோர்ட்டுகா பேயில் கடல் இகுவானா

கடலில் மேயும் பல்லி இனமான கடல் இகுவானாவைப் படமெடுக்க, ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் படகுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. சாந்தா குரூஸ் தீவின் புவேர்ட்டோ அயோரா ஊரிலிருந்து 2.5 கிலோமீட்டர் கல்பாவிய பாதையில் நடந்தால் டோர்ட்டுகா பே. வழியில் கடை கிடையாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். அங்குள்ள பிராவா கடற்கரையில் நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்க வேண்டாம். அதன் கடைக்கோடியில் உள்ள எரிமலைப் பாறைகளில்தான் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். மணலில் நடுவே வளைந்தோடும் ஒரு கோடும் இருபுறம் நகத்தடமும் தெரிந்தால், அது வாலை இழுத்துப்போன தடம்.

பார்த்ததும் உடும்பு நினைவுக்கு வரும். ஆனால் நீண்டு பிளந்த நாக்கு இல்லை, மூக்கும் மொண்ணை. இது கடற்பாசி தின்னும் பிராணி. பாறையோடு முகத்தை ஒட்டிச் சுரண்ட அந்தக் குட்டை மூக்கு. மும்முனைப் பற்களும் அதற்கே. அலை இழுத்துப் போகாமல் பிடித்துக்கொள்ள நீண்ட நகங்கள், நீந்தத் துடுப்பாகப் பக்கவாட்டில் தட்டையான வால். பெரிய ஆண் இகுவானாக்கள் கடலில் மூழ்கித் தின்னும். பெண்களும் குட்டிகளும் நீர் வற்றும்போது வெளித்தெரியும் பாசியோடு சரி. கடல்நீர் சூடாகிப் பாசி அற்றுப்போகும் எல் நினோ ஆண்டுகளில் எலும்பு உட்பட உடம்பின் நீளமே 20 சதவீதம் வரை குறைந்துவிடும். பஞ்சத்தில் குள்ளமாகி, பிறகு திரும்ப நீளும் முதுகெலும்பி என்பது அதிசயம்தான்!

2 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது, டிரோன் கூடாது. அந்தத் தூரத்தில் 300 மி.மீ. லென்ஸில் துளை அளவை எஃப்/8 வைத்தால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழுவது சுமார் 2 செ.மீ. ஆழம்தான். நேருக்கு நேர் எடுத்தால் கண் துல்லியமாக இருக்கும், மூக்கு கலங்கும். பக்கவாட்டில் மண்டியிட்டு, லென்ஸை அதன் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். முதுகு முள்வரிசை வானத்தில் தனியாகத் தெரியும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். கறுப்புப் பாறைமேல் கறுப்பு உடம்பைப் பார்த்து, கேமரா எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். தலையில் படிந்த உப்பு வெளுத்துப் போகும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −2/3 முதல் −1 ஸ்டாப் வரை குறையுங்கள். அதே பிராணி வெள்ளை மணலில் இறங்கினால் கதை தலைகீழ்: +1 கூட்டாவிட்டால் கரிக்கட்டைதான் மிஞ்சும்.

காலையில் சூடேற்றத் தட்டையாகக் கிடக்கும். அப்போது படத்தில் உயிர் இருக்காது. உச்சி வெயிலில் வெப்பம் அதிகம் ஏறாமலிருக்க முன்னுடலைத் தூக்கிச் சூரியனைப் பார்த்து நிற்கும். கம்பீரமான படம் அந்த நேரத்தில்தான், வெளிச்சம் கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

மேய்ந்து கரையேறியதும் தும்மும். கண்ணுக்கு மேலுள்ள உப்புச் சுரப்பி நாசி வழியாக உப்புநீரை வெளியேற்றுகிறது. சூரியன் அதன் பின்னால், பின்னணி இருட்டாக இருக்கும்படி உட்கார்ந்து, ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகமாக வைத்துத் தொடர்ந்து சுடுங்கள், துளிகள் மின்னும். காற்று உங்கள் பக்கம் வீசினால் அந்த உப்பு லென்ஸில்தான் வந்து படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் படிகம் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, உப்பு கரைந்த பிறகே துடையுங்கள்.