மணிக்கட்டுக் கோடு

இன்று மாலை மடிக்கணினியை மூடும்போதுதான் கவனித்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே சிவப்பாக ஒரு கோடு. மேசை விளிம்பு அழுத்திய தடம்.

சட்டென்று மேரி சதர்லாண்ட் நினைவுக்கு வந்தாள்.

1891இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை. லண்டனில் தட்டச்சு செய்து சம்பாதிப்பவள். எனக்குத் தோலில் விழுந்த கோடு, அவளுக்கு உடுப்பின் கைப்பகுதியில் இரட்டையாகப் பதிந்திருக்கும். ஹோம்ஸ் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரு தாளுக்கு 2 பென்ஸ். நாளுக்கு 15, 20 தாள். அன்றைய பவுண்டுக்கு 240 பென்ஸ். 20 தாளே அடித்தாலும் ஒரு பவுண்டு சேர 6 நாள்.

மாமா விட்டுப்போன பணத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு வட்டி வேறு வருகிறது. அதை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவாள். பாரமாக இருக்கக் கூடாதாம்.

அவள் கல்யாணம் செய்துகொண்டு போனால் அந்த 100 பவுண்டும் போய்விடும். அதைத் தடுக்க, அம்மாவின் இரண்டாவது கணவனே வேஷம் போட்டுக் காதலனாக வந்து, வேறு யாரையும் நினைக்காதபடி அவளை ஏமாற்றுகிறான். இவளைவிட 5 வயதுதான் மூத்தவன்.

ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். சரி, அவளிடம் சொன்னாரா? இல்லை. சொன்னாலும் நம்பமாட்டாளாம்! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும்.

1893இல் வந்த, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் நாவலில் ரோடா நன் என்று ஒருத்தி. கல்யாணத்தையே நம்பியிராமல் பிழைக்க, லண்டன் பெண்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுப்பவள்.

மேரி அந்தப் பக்கம் போயிருந்தால், ரோடா முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாள். கொஞ்சம் கடுமையாகத்தான்.